இரண்டு வீடு முன்னால் நின்ற சத்தம்

பாராவோனா என்ற கடலோர ஊரின் மேட்டுத் தெருப் பெண்களுக்கு பைக் சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லத் தெரியும். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. அந்தத் தெருவில் பாதி ஆண்கள் வாடகைக்கு பைக் ஓட்டிப் பிழைக்கிறார்கள், மீதிப் பாதி அவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்து போகிறார்கள். ஆக்சிலேட்டரை முறுக்கும் கை ஒவ்வொருவனுக்கும் ஒரு மாதிரி. துலியோ முறுக்கினால் தகர டப்பாவில் கல்லைப் போட்டு உலுக்கியது போலிருக்கும். செபோ அப்படியில்லை. கொஞ்சம் முறுக்குவான், விடுவான், மறுபடி கொஞ்சம் முறுக்குவான். அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் தீயைக் கூட்டிக் குறைக்கிறான் என்று வாடகை பைக் ஸ்டாண்டில் கேலி செய்வார்கள்.

செபோவின் மனைவி யுபெல்கிஸ் அந்தத் தெருவின் நடுவில் பார்லர் வைத்திருந்தாள். கணவனின் சத்தம் தெருமுனையில் கேட்டால் போதும், கையில் இருக்கிற சீப்போடு வாசலுக்கு வந்துவிடுவாள். எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்று மூன்று கேள்வி. பின்னால் சவாரி உட்கார்ந்திருந்தால் "இது யாரு?" என்று நாலாவதும் உண்டு. பத்தொன்பது வருடமாக இப்படித்தான். கேட்காமல் விட்டால் புருஷன் மேல் அக்கறை இல்லாதவள் என்று ஊர் பேசும் என்பது அவள் கட்சி.

அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, ஒருத்தியின் தலையில் ரோலர் சுற்றிக்கொண்டிருந்தபோது, மேட்டிலிருந்து செபோவின் சத்தம் இறங்கி வந்தது. யுபெல்கிஸ் சீப்பை எடுத்தாள். வாசலுக்கு இரண்டு வீடு முன்னால் சத்தம் நின்றது. பைக் நிற்கவில்லை, சத்தம் மட்டும் நின்றது. செயின் டிக் டிக் என்று ஓட, வண்டி வாசலைத் தாண்டிச் சரிவில் வழுக்கிக்கொண்டு போயிற்று. கீழே முனை திரும்பிய பிறகுதான் எஞ்சின் மறுபடி உயிர் பெற்றது. அவள் வாசலுக்கு ஓடி வந்தபோது ஸ்டாண்டில் கொடுத்த மஞ்சள் மேல்சட்டையில் எழுதியிருந்த அவனுடைய பதினேழாம் நம்பர் மட்டும் கண்ணில் பட்டு மறைந்தது.

"பெட்ரோல் மிச்சம் பண்றாரு போல," என்றாள் டோமிங்கா. பார்லரில் நகம் திருத்துகிறவள் அவள். வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்த சந்தோஷம் அவள் முகத்தில் தெரிந்தது.

இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு வருவது அந்த ஊர் வழக்கம்தான். பள்ளம் தானாக இழுத்துக்கொண்டு போகும்போது எவன் பெட்ரோலை எரிப்பான்? ஆனால் எல்லாரும் உச்சியில், தண்ணீர்த் தொட்டி பக்கத்திலேயே அணைத்துவிடுவார்கள்.

"மிச்சம் புடிக்கிறவன் தொட்டிகிட்டயே அணைச்சிருப்பான்டி," என்றாள் யுபெல்கிஸ். "பொண்டாட்டி வாசலுக்கு ரெண்டு வீடு முன்னாடி வந்து அணைக்கிறவன் வேற எதையோ மிச்சம் புடிக்கிறான்."

"என்னத்தக்கா?"

"அவன் தோல. உரிச்சிருவேன்னு தெரியும்ல."

ரோலர் தலையோடு உட்கார்ந்திருந்தவள் கண்ணாடி வழியாகப் பார்த்துச் சிரித்தாள். யுபெல்கிஸ் அவள் தலையைப் பிடித்து நேராகத் திருப்பினாள்.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு மறுபடி அதே கதை. அடுத்த செவ்வாயும் அப்படியே. மற்ற நாட்களில் செபோ சத்தத்தோடு வந்து, மூன்று கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டு, நல்ல பிள்ளையாகப் போனான். அதுதான் அவளை இன்னும் எரிய வைத்தது. எப்போதும் கள்ளத்தனம் செய்கிறவனைக்கூட மன்னிக்கலாம், கால அட்டவணை போட்டுச் செய்கிறவனை என்ன செய்வது?

"செவ்வாக்கிழம மூணு மணிக்கு எங்க இருந்த?" என்று சாப்பாட்டு வேளையில் கேட்டாள்.

"சவாரி."

"எங்க?"

"மேல."

"மேலன்னா மேல எங்க?"

"மேலன்னா மேலதான், யுபே. கீழ இல்ல."

அந்த 'மேல' அவள் தொண்டையில் மீன் முள்ளாகச் சிக்கிக்கொண்டது. அவன் குளிக்கப் போனதும் பைக்கிடம் போனாள். கிலோமீட்டர் காட்டும் முள் செத்துப்போய் ஆறு வருடம். சீட்டை முகர்ந்தாள், வெயிலில் காய்ந்த ரெக்சின் வாடைதான் வந்தது. ஹேண்டிலில் சவாரிக்கென்று இரண்டாவது ஹெல்மெட் தொங்கியது. அதைக் கழற்றி உள்ளே விரலை விட்டுத் துழாவினாள்.

வேறு பெண்ணாக இருந்தால் முடி கிடைத்தது என்பதோடு நின்றிருப்பாள். யுபெல்கிஸ் அந்தத் தொழிலில் இருபது வருடம் பழம் தின்று கொட்டை போட்டவள். சுருள் முடி ஏழெட்டு இருந்தது, அவை கிழவிகளுடையவை, தூக்கிப் போட்டாள். குட்டை முடி, யாரோ மாணவன். கடைசியாக மூன்று முடி வந்தன. நீளமானவை, சூடு காட்டி நேராக்கியவை, ஒயின் சிவப்பு, வேர்ப் பக்கம் மட்டும் அரை விரல் கறுப்பு. அதாவது சாயம் போட்டு நாலைந்து வாரம். அந்தச் சிவப்பைப் பாராவோனாவில் ஒரே ஒரு தலைக்குத்தான் போட்டிருக்கிறார்கள். போட்டது இவளே.

லிசெத்.

நிதானமான ஆள் என்ன நினைப்பாள்? சவாரி ஹெல்மெட்டில் சவாரி செய்தவளின் முடி இருக்கத்தானே செய்யும் என்று நினைப்பாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். யுபெல்கிஸுக்குச் சிவந்ததெல்லாம் லிசெத். மூன்று முடியையும் ஒரு தாளில் மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை லிசெத் தானாகவே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். வேர்க் கறுப்பை மறைக்க வேண்டுமாம். இருபத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை, நல்ல நிறம், சிரித்தால் இரண்டு கன்னத்திலும் குழி. யுபெல்கிஸ் அவள் தலையைத் தொட்டியில் சாய்த்து நீர் விட்டாள். கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை நீட்டிப் படுத்திருந்தாள் லிசெத். ஒரு பெண்ணின் கழுத்தை இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு வெறுப்போடு, யுபெல்கிஸ் பார்த்ததில்லை. எழுப்பி உட்கார வைத்து, சாயத் துணியைக் கழுத்தைச் சுற்றிப் போட்டு முடிந்தாள். முடிச்சை ஒரு இழுப்பு கூடவே இழுத்தாள்.

"அக்கா, கழுத்த இறுக்குது."

"லூசா இருந்தா சாயம் உள்ள இறங்கிரும். பொறுத்துக்க. அடிக்கடி மேல போறியாமே?"

"ஆமாக்கா. செவ்வாயும் வியாழனும். எங்க சித்தி படுத்த படுக்கையா கெடக்காங்கல்ல, போய்க் குளிப்பாட்டி விட்டுட்டு வருவேன்."

"யாரு பைக்ல?"

"செபோ அண்ணன் பைக்லதான், பின் தெரு வழியா. அது ஏற மட்டும்தான விடுவாங்க. மத்தவனுங்க அந்த ரோடுன்னாலே மூஞ்சியச் சுளிக்கிறானுங்க."

அண்ணனாம். டோமிங்கா நகம் திருத்துவதை நிறுத்திவிட்டாள்.

"வரும்போதும் அந்த அண்ணன்தானா?"

"இல்லக்கா, நான் சாயங்காலம் காய்கறி லாரில வந்துருவேன். அவரு என்ன எறக்கி விட்டுட்டு இன்னும் மேல போயிருவாரு."

யுபெல்கிஸின் கை சாயக் கிண்ணத்தில் நின்றது. "இன்னும் மேலயா? யாரப் பாக்க?"

"எனக்கெப்படிக்கா தெரியும்? அங்க வீடே கெடையாது. ரோடு முடிஞ்சு போயிரும். அக்கா, நெசமாவே மூச்சு முட்டுது, கொஞ்சம் அவுத்து விடுங்க!"

முடிச்சை அவிழ்த்தபோது லிசெத்தின் கழுத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு. யுபெல்கிஸுக்கு வெட்கமாகப் போய்விட்டது. பரிகாரமாக அவள் புருவத்தையும் திருத்தி அனுப்பினாள். ஆனால் சந்தேகம் போனதா என்றால், கிணறு வெட்டப் பூதம் கிளம்பியதுதான் மிச்சம். கையில் பிடிபட்ட லிசெத் நழுவிப் போய், அவள் இடத்தில் பெயரும் முகமும் முடியும் இல்லாத ஒருத்தி மலை உச்சியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"ஒருவேள மேல ஒரு குடும்பமே வெச்சிருப்பாரோ?" என்றாள் டோமிங்கா. "எங்க மாமா அப்படித்தான். செத்தப்பதான் தெரிஞ்சுது. பொட்டிக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி. ரெண்டு பேரும் ஒரே மாதிரி அழுதாங்கக்கா."

அந்த வாரக் கடைசி யுபெல்கிஸ் தூங்கவில்லை. பத்தொன்பது வருடத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவன் போய்விட்டால் தனக்கு என்ன இருக்கிறது என்று யோசித்தாள். பார்லர் இருக்கிறது, தலைநகரில் கல்யாணமாகிப் போன மகள் இருக்கிறாள். ஆனால் அந்தச் சத்தம் இருக்காது. கொஞ்சம் முறுக்கி, விட்டு, மறுபடி கொஞ்சம்.

செவ்வாய்க்கிழமை ஒன்றே முக்காலுக்கு ஸ்டாண்டுக்குப் போனாள். செபோ லிசெத்தை ஏற்றிக்கொண்டு போய்க் கால் மணி நேரம் ஆகியிருந்தது. வரிசையில் முதலில் நின்றவன் துலியோ.

"மேல போணும்," என்றாள்.

"மேல எங்க அண்ணி?"

"ரோடு முடியிற வரைக்கும்."

துலியோவின் முகம் கறுத்தது. ஸ்டாண்ட்காரர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒருவன் எங்கே போனான் என்று அடுத்தவன் யாரிடமும் சொல்ல மாட்டான், குறிப்பாக அவன் பெண்டாட்டியிடம். ஆனால் வரிசையில் முதல் ஆள் சவாரியை மறுக்கவும் முடியாது. டயரை அமுக்கிப் பார்த்தான். கண்ணாடியைத் துடைத்தான். பெட்ரோல் கம்மியாக இருக்கிறது என்றான். யுபெல்கிஸ் ஏறி உட்கார்ந்து அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள்.

செக்குமாட்டு நடையில் வண்டி மேடேறியது.

"முறுக்குடா! உங்கம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதா நெனச்சு முறுக்கு!"

"வண்டி அவ்ளோதான் இழுக்குது அண்ணி."

அவள் பின்னாலிருந்து கையை நீட்டி, அவன் கைமேல் தன் கையை வைத்து, ஆக்சிலேட்டரை முழுசாகத் திருகிவிட்டாள். பைக் ஒரு துள்ளுத் துள்ளிப் பாய்ந்தது. கோழி ஒன்று உயிருக்குப் பயந்து பறந்தது.

"ஐயோ அண்ணி! ரெண்டு பேரும் செத்துருவோம்!"

"சாவோம். டோமிங்காவுக்குப் பேச ஒரு விஷயமாச்சு."

கடைசி வளைவுக்குக் கீழே துலியோ வண்டியை நிறுத்தி, கிளட்சைப் பிடித்துக்கொண்டு மூன்று தடவை உறுமவிட்டான். தகர டப்பாச் சத்தம் மலையெல்லாம் கேட்டது.

"எதுக்கு மூணு தடவ முறுக்கின?"

"அடைப்பு அண்ணி. ஊதி விட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியத்துக்கெல்லாம் போகாதீங்க அண்ணி, எனக்கும் புள்ளகுட்டி இருக்கு."

அவள் இறங்கி, ஒரு கல்லைப் பொறுக்கிக்கொண்டு, மீதி வழியை நடந்தே ஏறினாள். ரோடு முடிகிற இடத்தில் பாதி கட்டி விட்ட வீடு ஒன்று இருந்தது. நியூயார்க் போன எவனோ கட்ட ஆரம்பித்து விட்டுவிட்டுப் போனது. சுவர் உண்டு, கூரை இல்லை, தூணிலிருந்து கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தன. வாசலில் செபோவின் பைக் நின்றது. யுபெல்கிஸ் கல்லை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் வாளியின் மேல் செபோ உட்கார்ந்திருந்தான். ஷூவைக் கழற்றியிருந்தான். காலடியில் ஆரஞ்சுத் தோல் கிடந்தது. ஜன்னலுக்கு விட்ட ஓட்டை வழியாகக் கடல் தெரிந்தது. துலியோவின் உறுமல் கேட்டிருக்கும், ஆனாலும் அவன் எழுந்து ஓடவில்லை.

அவள் தேடினாள். கதவில்லாத மூன்று அறை. தண்ணீர் பீப்பாய்க்குப் பின்னால் பார்த்தாள். சிமெண்டுத் தூசியில் காலடித் தடம் பார்த்தாள், எல்லாம் அவன் தடம். வாளி ஒன்றே ஒன்று. ஆரஞ்சுத் தோலும் ஒரு பழத்துக்குத்தான் இருந்தது.

"வெளிய கொய்யா மரத்துக்குப் பின்னாடியும் பாத்துரு," என்றான் செபோ. "அப்புறம் பாக்கலன்னு சொல்லுவ."

அவள் போய்ப் பார்த்தாள். பிறகு திரும்பி வந்து நின்றாள்.

"எவ அவ?"

"யாருமில்ல யுபே. நான் மட்டும்தான்."

"இங்க என்ன பண்ற?"

"உக்காந்திருக்கேன்."

"உக்காந்து?"

"உக்காந்துதான்."

"வீட்ல நாற்காலி இல்லியா? நீ உக்கார எடம் இல்லியா?"

"அங்க உக்காந்தா என்ன யோசிக்கிறன்னு கேப்ப."

"புருஷன்கிட்ட கேக்கக் கூடாதா?"

"கேக்கலாம்." அவன் வலது கையை விரித்துப் பார்த்தான். உள்ளங்கையில் ரப்பர் பிடி அழுத்திய வரிகள். "காலைல அஞ்சரைலேருந்து இந்தக் கை முறுக்கிகிட்டே இருக்கு. எவனோ போணும்னு சொல்ற எடத்துக்குப் போறேன். வந்தா வாசல்ல நீ நிக்கிற. எங்கருந்து வர்ற, எங்க போற. அன்னிக்கு ஒரு பொண்ண பிரசவ வலியோட கூட்டிட்டுப் போறேன், அவளையும் நிறுத்தி இது யாருன்னு கேட்ட."

"அவ நல்லாத்தான் பதில் சொன்னா."

"சொன்னா. ஆஸ்பத்திரி வாசல்லயே பெத்தா." அவன் சிரிக்கவில்லை. "கழுத்துல கை வெச்ச மாதிரி இருக்கு யுபே. இறுக்கிப் புடிக்கிறன்னு சொல்லல. எடுக்கவே மாட்டேங்கிற, அவ்ளோதான். இங்க வந்தா ஒரு மணி நேரம் அந்தக் கை இல்ல. அதுக்குத்தான் உன் வாசல்ல சத்தத்த அணைச்சேன். சொன்னா சிரிப்ப, இல்ல கூட வருவ."

யுபெல்கிஸுக்கு அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. ஒருத்தி இருந்திருந்தால் முடியைப் பிடித்து இழுத்துத் தெருவில் போட்டிருப்பாள், ஊரே அவள் பக்கம் நின்றிருக்கும். ஒரு காலி வாளியிடம் புருஷனைப் பறிகொடுத்தவள் யார் முடியைப் பிடிப்பாள்? கையிலிருந்த கல்லை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஜன்னல் ஓரமாக வைத்தாள்.

"நானும் கொஞ்ச நேரம் உக்காரட்டுமா?"

"உக்காரு, உக்காரு," என்று அவன் உடனே எழுந்து வாளியைக் கொடுத்தான். அவள் உட்கார்ந்தாள். அவன் ஷூவை மாட்டிக்கொண்டான். சுவரில் சாய்ந்து சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரம் கழித்து, விருந்தாளி வீட்டில் கேட்கிற மாதிரி, "போலாமா?" என்று கேட்டான். இனி இவன் இங்கே வரமாட்டான் என்று அவளுக்குப் புரிந்தது.

அவன் வரவில்லைதான். வியாழக்கிழமை லிசெத்தைத் துலியோவோடு அனுப்பிவிட்டு ஸ்டாண்டிலேயே இருந்தான். அன்றிலிருந்து பார்லர் வாசலில் அவனாகவே வண்டியை நிறுத்தி, அவள் வாயைத் திறக்குமுன் எங்கிருந்து வருகிறேன், எங்கே போகிறேன், பின்னால் இருப்பது யார் என்று சொல்லிவிட்டுப் போனான். "குடுத்து வெச்சவக்கா நீங்க," என்றாள் டோமிங்கா. முதல் வாரம் யுபெல்கிஸ் அப்படித்தான் நினைத்தாள். அவனுடைய ஒவ்வொரு நிமிடமும் அவள் கையில் இருந்தது. இத்தனை வருடம் வேண்டியது இதைத்தானே?

இரண்டாவது வாரம் அவள் வாசலுக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள். அவன் உள்ளே எட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனான். "நான் கேக்கலியே," என்றாள். "பரவால்ல," என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் அவளும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பாள். அவன் மரியாதையாகச் சொன்னான். கோபத்தில் தட்டை விட்டெறிகிற, ஸ்டாண்ட் கேலியை வந்து நடித்துக் காட்டுகிற செபோ எங்கே போனான் என்று தெரியவில்லை. சவாரிக் கணக்கு ஒப்பிக்கிற ஒருவன் அவன் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டான்.

மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை மத்தியானம், சோறும் சிவப்பு பீன்ஸும் பொரித்த வாழைக்காயும் வைத்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

"எட்டரைக்கு ரெண்டு ஸ்கூல் பிள்ளைங்க," என்றான் செபோ, தட்டைப் பார்த்துக்கொண்டே. "ஒம்பதுக்கு துறைமுகம், ஒரு கணக்குப்புள்ள. ஒம்பதே முக்காலுக்கு அங்கேருந்து சும்மா திரும்பினேன். பத்தேகாலுக்கு..."

"போதும் செபோ."

"இன்னும் ரெண்டுதான். பதினொண்ணுக்கு மார்க்கெட்லேருந்து ஒரு கெழவி, வாழத்தாரோட. பதினொண்ணே முக்காலுக்கு..."

"ஒரு பொய்யாவது சொல்லேன்," என்றாள். "உனக்குப் புண்ணியமாப் போகும். ஒரே ஒரு பொய்."

செபோ கரண்டியைக் கீழே வைத்தான். மூன்று வாரத்தில் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தான். யோசித்தான். அவன் கண்ணோரத்தில் என்னவோ மெல்ல அசைந்தது.

"இன்னிக்குக் காலைலேருந்து உன் நெனப்பாவே இருந்தேன்," என்றான்.

யுபெல்கிஸ் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்து, பீன்ஸை ஊற்றினாள். அவன் சாப்பிட ஆரம்பித்தான்.